காணிக்கைக் கவரில் குறைந்த ஐந்நூறு ரூபாய்

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது, ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், மாதம் 15,000 சம்பளம். நான் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கப் போகிறேன், வேலை தொடர்ந்து இருந்தால் 6,000 வரைக்கும் கிடைக்கும். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். நாங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபை. சம்பளம் வாங்கிய அன்றைக்கே அவர் 1,500 ரூபாயைத் தசமபாகமாக, சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்காக, கவரில் போட்டு வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிடுவார், எந்தக் கஷ்டத்திலும் அதைத் தொட மாட்டார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு முன்பே அவர் அப்படித்தான்.

ஆனால் இந்த வருஷம் (2025) வீட்டுச் செலவுக்குத் தருகிற பணம் இருபதாம் தேதி வரைக்கும்தான் நிற்கிறது. கேட்டால், "டிவியில விலைவாசி குறைஞ்சிருக்குன்னு சொல்லுதான், உனக்கு மட்டும் ஏன் காணாம போகுது?" என்கிறார். மாமியார், "கைக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்" என்கிறார். பக்கத்து வீட்டில் என் தோழி இருக்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள், இந்துக் குடும்பம். முதலில் ஒரு குப்பி எண்ணெய், அப்புறம் கொஞ்சம் பருப்பு, அப்புறம் பணமாகவே 2,000, 1,500 என்று வாங்கி இப்போது 6,500 ரூபாய் ஆகிவிட்டது. அவள் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. இந்த ஓணத்துக்கு அவள் பாயசம் கொண்டுவந்தபோது நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சின்னவள்தான் "அம்மா இல்ல" என்று சொல்லி அனுப்பினாள். அப்புறம் என்னிடம் வந்து, "சித்தி வந்தா எதுக்கும்மா ஒளியுத?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் மாதம் அந்தக் காணிக்கைக் கவரிலிருந்து 500 ரூபாய் எடுத்து எண்ணெய் வாங்கிவிட்டேன். அவர் எண்ணிப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வருஷக் கடைசியில் சபைக் கணக்குப் புத்தகம் குடும்பவாரியாக அச்சாகும், அதில் தெரிந்துவிடும். கடவுளுக்கு எடுத்து வைத்ததைத் திருடினேன், தோழிக்கும் துரோகம் செய்தேன். அதற்குப் பிறகு ஆராதனையில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எதை முதலில் சரிசெய்வது அக்கா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள். கணக்குப் புத்தகம் அச்சாகி, வேறு யாரோ அதைப் பார்த்து அவரிடம் கேட்டு, அவர் சபை வாசலில் பதில் தெரியாமல் நிற்கிற நிலைமை வரவே கூடாது. அப்படி வந்தால் 500 ரூபாய் போனதை அவர் மறந்துவிடுவார், நாலு பேர் முன்னால் அது தெரியவந்ததை மறக்க மாட்டார். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆலோசனை வேலையில் இருக்கிறேன். பணப் பிரச்சினை என்று வந்து உட்காருகிற கணவனும் மனைவியும் கால் மணி நேரத்துக்குள் "என்கிட்ட ஏன் சொல்லல?" என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள், அதற்கப்புறம் பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஆனால் வெறுங்கையோடு போய்ச் சொல்ல வேண்டாம். அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார், டிவியில் குறைந்திருக்கிறதாமே, உனக்கு ஏன் போதவில்லை என்று. அதற்குப் பதில் தெரியாததால்தான் நீங்கள் அன்றோடு வாயை மூடிக்கொண்டீர்கள், அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே அந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டிவியில் சொன்னது பொய் இல்லை. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் உணவுப் பொருள் விலை அதற்கு முந்தைய அக்டோபரைவிட 10.87 சதவீதம் ஏறியிருந்தது. 2025 ஜூனில் அது முந்தைய ஜூனைவிட ஒரு சதவீதம் போல இறங்கியது. காய்கறியும் பருப்பும் இறங்கியதால் வந்த இறக்கம் அது. அதே ஜூனில் எண்ணெய் வகைகள் 17 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன. ஆக, செய்தியில் வருவது பலவற்றைச் சேர்த்துப் போட்ட சராசரி. போன வருடம் ஏறிய விலையிலிருந்து ஒரு சதவீதம் இறங்கினால் அதற்கு முந்தைய விலைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமும் இல்லை, ஏறிய இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் நம் அடுக்களை இன்றைக்கும் தேங்காயை விட்டு நகரவில்லை. மீன்குழம்புக்கு அரைத்த தேங்காய், தீயலுக்கு வறுத்த தேங்காய், அவியலுக்குத் தேங்காய், தாளிக்கத் தேங்காய் எண்ணெய், பிள்ளைகளின் தலைக்கும் அதே எண்ணெய். கடலை எண்ணெயில் சமைக்கிற ஊரில் தேங்காய் விலை ஏறினால் சட்னியோடு போய்விடும், நமக்கு மூன்று வேளையும் ஏறும். 2025 ஜூலையில் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் விலைவாசி உயர்வு 8.89 சதவீதம், நாட்டிலேயே அதிகம், அதற்குத் தேங்காய் எண்ணெய் ஒரு பெரிய காரணம். அந்த நேரத்தில் நாட்டின் சராசரி இரண்டு சதவீதம்கூட இல்லை. உங்கள் வீட்டுக்காரர் டிவியில் கேட்டது நாட்டின் கணக்கு, நீங்கள் சமைப்பதோ கேரளத்துக் கணக்கில்.

ரூபாயாகவே போட்டுப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் லிட்டர் 200 ரூபாய் அளவில் இருந்த தேங்காய் எண்ணெய் 2025 நடுவில் 400-ஐத் தாண்டியது. ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்று வைத்தால் அதிலேயே 600 ரூபாய் கூடுதல். கிலோ 30 ரூபாய் போல இருந்த தேங்காய் 70-ஐத் தொட்டது. நாளுக்கு ஒரு தேங்காய், அரை கிலோ என்று வைத்தால் மாதம் 15 கிலோ, அதில் இன்னொரு 600. தேங்காயிலும் தேங்காய் எண்ணெயிலும் மட்டும் மாதம் 1,200 ரூபாய் கூடுதலாகப் போகிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 உங்களுக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, வந்தாலும் அது முழுவதும் இந்தக் கூடுதலுக்கே போய், மேற்கொண்டு 200 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். இதில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம் மேற்குக் கடலில் விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை எங்கே இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கவரைத் தொட்டது ஆகஸ்டில்.

இதில் உங்கள் கைக்கட்டுப்பாடு எங்கே வந்தது? பாளை வெடித்துக் காய் முற்றிக் கையில் வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். 2024-இல் அடித்த வெயில் 2025-இல்தான் கடையில் தெரிந்தது. அதோடு வாடல் நோயும், 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் தோப்பு தோப்பாகக் காய்ப்பைக் குறைத்துவிட்டன. மத்திய அரசு 2022-23-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் 46 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது என்று வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் வீட்டின் 21,000-இல் ஒன்பது, பத்தாயிரம் அடுக்களைக்கு ஆவது இயல்புதான், அதுவும் உங்கள் 6,000 ஒழுங்காக வந்தால். அண்டி ஆபீசில் வேலை இல்லாத மாதத்தில் அதே ஐந்து வயிற்றுக்கு எங்கிருந்து எடுப்பது என்று யாரும் உங்களிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

சரி, திருட்டுக்கு வருகிறேன்.

நான் போதகர் இல்லை, குடும்ப ஆலோசகர். ஆனாலும் அதே மாவட்டத்தில் அதே வேதத்தை வாசித்து வளர்ந்தவள், அதனால் இதை நழுவாமல் பேசுகிறேன். கேட்காமல் எடுத்தீர்கள், சொல்லாமல் விட்டீர்கள், அது தவறு, அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பசிக்கும் பரிசுத்தத்துக்கும் நடுவில் சிக்கிய முதல் ஆள் நீங்கள் இல்லை. தாவீதும் கூட இருந்தவர்களும் பசித்தபோது ஆசாரியர்கள் மட்டுமே புசிக்க வேண்டிய அப்பத்தைச் சாப்பிட்டார்கள், அதை இயேசுவே எடுத்துச் சொல்லி நியாயப்படுத்தினார். கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக ஒதுக்கிவிட்டுத் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களை அவர் கண்டித்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதை வைத்து உங்கள் வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வசனத்துக்கு வசனம் பேசத் தொடங்கினால் வீடு சபைக் கமிட்டி மாதிரி ஆகிவிடும். இது உங்களுக்காக மட்டும் சொன்னது, நீங்கள் திருவிருந்து மேசையிலிருந்து விலகி நிற்கிறீர்களே, அதற்காக.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பிடியரிசிப் பானை ஒன்று இருந்தது, உங்கள் மாமியாரைக் கேட்டால் தெரியும், அவர்கள் வீட்டிலும் இருந்திருக்கும். உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்து, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போட வேண்டும். மாதக் கடைசியில் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து வந்து காணிக்கையாக வாங்கிப் போவார்கள். அப்பாவுக்கு வேலை இல்லாத ஒரு மழைக்காலத்தில் வீட்டு அரிசி தீர்ந்துபோய் அம்மா அந்தப் பானையிலிருந்தே எடுத்துக் கஞ்சி வைத்தாள். எடுத்த ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பானைக்குள் போட்டாள். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், புளியங்கொட்டை பானைக்குள் விழுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அரிசி குறையக் குறைய அந்தச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. மாதக் கடைசியில் அந்த அக்காமார் வந்தபோது அம்மா பானையை அப்படியே முறத்தில் கவிழ்த்து, "இத்தனை பிடி நாங்க சாப்பிட்டுட்டோம்" என்றாள். வந்தவர்களில் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மா கையில் கொடுத்து, "வச்சுக்க, அரிசி வந்தா போடு" என்றார். போகும்போது அவர்கள் கொண்டுவந்திருந்த அரிசியிலிருந்து இரண்டு படி எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவும் எடுத்தாள், நீங்களும் எடுத்தீர்கள். அம்மா புளியங்கொட்டை போட்டாள். நீங்கள் இன்னும் போடவில்லை, இப்போது போட்டால் போதும்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். வேனை நிறுத்திவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "ஆகஸ்ட் கவர்ல 500 ரூபாய் நான்தான் எடுத்தேன். எண்ணெய் வாங்கினேன். உங்ககிட்ட சொல்லப் பயந்தேன்." அவ்வளவுதான். "நீங்க ஒழுங்கா தந்திருந்தா" என்று அதோடு ஒட்டவே கூடாது. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். அவர் கோபப்படுவார், அல்லது எழுந்து வெளியே போவார், போகட்டும். கடிதத்தைப் படித்தவரை அவர் கை ஓங்குகிறவர் மாதிரித் தெரியவில்லை. அப்படி ஏதாவது பயம் உங்களுக்கு இருந்து, எழுதாமல் விட்டிருந்தால், தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டாம், முதலில் 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள் அல்லது எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அது வேறு ஆலோசனை.

கோபம் தணிந்து இரண்டு நாள் கழித்து நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். நோட்டு இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள்: அரிசி, எண்ணெய், தேங்காய், மீன், கேஸ், பேருந்துக் கட்டணம், பிள்ளைகளுக்குப் பேனா வாங்கிய பத்து ரூபாய் வரைக்கும். தோழியிடம் வாங்கிய 6,500-ஐயும் அதில் எழுதுங்கள், அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால் மூன்று மாதம் கழித்து இதே கடிதத்தைத் திரும்ப எழுதுவீர்கள். அப்புறம் ஒரு மாதச் சாமான் வாங்க அவரையே கடைக்கு அனுப்புங்கள். அவரைச் சோதிப்பதற்காக இல்லை. "நீங்களும் ஒரு தடவை பாருங்க, எனக்கு எங்க குறைக்கணும்னு தெரியல" என்று உண்மையாகவே கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு கணவர் இப்படிப் போய்விட்டு, பையில் பாதிச் சாமானோடு திரும்பி வந்து, "எண்ணெய்க் கடைக்காரன் விலை சொன்னதும் நான் வேற கடை பார்த்தேன், அங்கயும் அதேதான்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில் சண்டை நின்றது.

தசமபாகத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு வேனை எடுத்து, பள்ளி நிர்வாகம் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு ஓடுகிற மனிதர், தலை நிமிர்ந்து தன் கையால் கொடுக்கிற ஒரே இடம் அந்தக் கவராக இருக்கலாம். அதைப் பிடுங்கினால் அவருக்கு வேறு என்ன மிச்சம் இருக்கும்? அதனால் கவரில் கை வைக்காமல் மற்றதைப் பாருங்கள். அசனம் என்கிற சபை விருந்துக்குத் தனியாக வரி, கன்வென்ஷனுக்குத் தனியாக, கட்டட நிதிக்குத் தனியாக என்று வருடம் முழுக்க வருமே, அதில் எதையெல்லாம் இந்த ஒரு வருடம் விடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அசனத்துக்குப் பணம் முடியாவிட்டால் காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் பரிமாறவும் ஆள் வேண்டும், போய் நில்லுங்கள், அதுவும் காணிக்கைதான். குறைந்த 500-ஐ மாதம் நூறு என்று ஐந்து மாதத்தில் போட்டுவிடலாம், அதை அவர் கையாலேயே போடட்டும். தசமபாகத்தையே கொஞ்ச நாள் குறைக்கலாமா என்ற கேள்வியை அவர் தானாக எடுத்தால், அப்போது இருவரும் சேர்ந்து போய்ப் போதகரிடம் பேசுங்கள். அடுக்களையில் அரிசி இல்லாமல் கவரைக் கொண்டுவா என்று சொல்கிற போதகரை நான் இதுவரை பார்த்ததில்லை, பெரும்பாலும் அவர்களுக்கு வீட்டு நிலைமை தெரியவே தெரியாது, யாரும் சொல்வதில்லை. பல சபைகளில் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நிதியும் சத்தமில்லாமல் இருக்கும், கேட்பதில் வெட்கம் இல்லை.

திருவிருந்துக்கு மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அவரிடம் சொன்ன அடுத்த ஞாயிறே போங்கள்.

இனித் தோழி. உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது இந்த இடம்தான், 500 ரூபாய் அவ்வளவு வலிக்கவில்லை. ஓணத்து அன்று அவள் பாத்திரத்தோடு திரும்பிப் போகும்போது என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தீர்களா? கடனை நினைத்திருக்க மாட்டாள், கொடுத்த கை அவ்வளவு சீக்கிரம் அதை நினைக்காது. உள்ளே ஆள் இருப்பது வீட்டுச் சத்தத்திலேயே தெரியும், குழந்தையின் முகத்திலும் தெரிந்திருக்கும். "இப்ப இவங்க வீட்டுல நம்ம பண்டிகைச் சாப்பாடு எடுக்க மாட்டாங்க போல, சபையில யாராவது சொல்லியிருப்பாங்க" என்றுதான் நினைத்திருப்பாள். நீங்கள் கடனுக்காகச் சாத்திய கதவு, அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் மதத்துக்காகச் சாத்திய கதவாகத் தெரியும்.

1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் பள்ளி திறந்த அன்று ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலேயே இடம் மாறி உட்கார்ந்தோம். டீச்சர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் சிலர் அப்புறம் திரும்ப ஒன்றாக உட்கார்ந்தோம், சிலர் உட்காரவே இல்லை, ஏன் என்று இருபக்கமும் கேட்டுக்கொண்டதும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், நம் ஊரில் இந்தச் சந்தேகத்தை ஒரு வாரம்கூட வளரவிடக் கூடாது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு மண்டையப்பம் வேலிக்கு இந்தப்பக்கம் வருவதும் கிறிஸ்துமசுக்கு உங்கள் வீட்டுப் பலகாரம் அந்தப்பக்கம் போவதும் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், அப்படி இல்லை.

அவளிடம் போகும்போது 500 ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "ஓணத்தன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். உனக்குத் தர வேண்டியதை நினைச்சு வெட்கமா இருந்தது, வேற ஒண்ணுமில்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த 'வேற ஒண்ணுமில்ல' முக்கியம். மாதம் 500 என்றால் 13 மாதத்தில் தீர்ந்துவிடும். வேலை இல்லாத மாதத்தில் 200 கொடுங்கள், ஆனால் ஒன்றும் கொடுக்காமல் விட வேண்டாம், அந்த மாதமும் போய் "இந்த மாசம் இல்ல" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவள் வேண்டாம் என்பாள். "வாங்கிக்கோ, அப்பதான் நாளைக்கு அவசரம்னா மறுபடியும் உன்கிட்ட கேட்க முடியும்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. ஒரே மூச்சில் அடைத்துவிடலாம் என்று வாரத் தவணைக் குழுக் கடன் வாங்கிவிடாதீர்கள். கேட்காத தோழியின் கடனை அடைக்க, செவ்வாய்க்கிழமை தவறாமல் வாசலில் வந்து நிற்கிற கடனை வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுக்களையைப் பற்றிக் கொஞ்சம். ரேஷன் கடையில் பாமாயில் 25 ரூபாய், துவரம் பருப்பு 30 ரூபாய், அரிசி இலவசம், இதை விடாமல் வாங்குகிறீர்களா? நம் பக்கம் பலர் பாமாயிலை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள், குழம்பு வாசம் வராது என்று. வறுக்கவும் தாளிக்கவும் பாமாயிலை வைத்துக்கொண்டு, அவியலும் மீன்குழம்பும் இறக்கும்போது மேலே ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டால் வாசம் வந்துவிடும், மாதம் மூன்று லிட்டர் ஒன்றரையாகக் குறையும். தேங்காயைப் பாதியாக்கி மீதிக்கு என்ன செய்வது என்பதை நான் சொல்வதைவிட உங்கள் மாமியார் நன்றாகச் சொல்வார்.

உண்மையாகவே அவரைக் கேளுங்கள். "கைக்கட்டுப்பாடு" என்று சொன்னவர் என்று நீங்கள் அவரை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், கடிதத்தில் அவரைப் பற்றி அந்த ஒரு வரிதான் இருக்கிறது. 1942-இல் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூரில் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கைத் தின்றுதான் பிழைத்தார்கள். உங்கள் மாமியாரை வளர்த்தது அந்தப் பஞ்சத்தைப் பார்த்த கைகள். இல்லாத நாளில் எதை வைத்து எதைச் சமைப்பது என்று அவருக்குத் தெரிந்ததில் பாதியாவது உங்கள் அடுக்களைக்கு வரட்டும். பத்து நாளைக்குச் சமையல் செலவை அவரிடமே கொடுத்து, "நீங்க நடத்துங்கம்மா, நான் கூட நின்னு படிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்டுப்பாடு வந்தால் நல்லது. அவருக்கும் பணம் போதாமல் போனால் அதுவும் நல்லதுதான், மகனிடம் அவரே பேசுவார். கூடவே பிடியரிசிப் பானையைப் பற்றியும் கேளுங்கள், பரணில் இருந்தால் எடுத்துக் கழுவி வையுங்கள்.

கடைசியாக, சின்னவள். அவள் உங்களுக்காக ஒரு பொய் சொன்னாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வந்து கேட்டாள். அவளிடம் பெரிய கதை வேண்டாம். "சித்திக்குக் காசு கொடுக்கணும், அம்மாகிட்ட இல்ல, அதான் ஒளிஞ்சேன், அது தப்பு" என்று சொன்னால் அவளுக்குப் புரியும். தோழி வீட்டுக்குப் போகிற அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த தடவை சித்தி வரும்போது கதவை அவளே ஓடிப்போய்த் திறக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா